பெற்றோர் ஐயுறுதல் குற்றமாகுமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. பெற்றோர் தம் மக்கள்பால் கொள்ளும் பற்றினைக் கூற எழுந்த அம்மொழி, இன்று பெரும்பாலும் பெற்றோர் வாயை அடைப்பதற்கே எடுத்தாளப்படுகிறது. "உன் பிள்ளைக்கு அறிவு குறைவு" என்று கற்றறிந்தவர் ஒருவர் கூற, "அப்படியன்று" என்று ஒரு தாய் மறுப்பாளாயின், அருகிலிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இப்பழமொழியையே நினைக்கின்றனர். அத்தாயின் மறுப்பு வெறும் பாசமயக்கமா? அன்றி, ஆராயத்தக்க ஒரு சாட்சியா? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பாட்டனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தகப்பனார் லாரி ஓட்டுகிறார். அவருடைய மகனுக்கு வயது ஆறு. அவன் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பாரான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். ஆயினும், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரையில் கொமுட்டர் ரயில் நிற்கும் நிலையங்களின் பெயர்களை வரிசை பிறழாமல் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதுவான். "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் மட்டும் வாய் திறவான். இஃது ஆட்டிசம் என்கிறார் வைத்தியர். பெற்றோர் அழுது தீர்த்து அதனை ஏற்றுக்கொள்கின்றனர். பின்னர் ஒருநாள், அவன் முன்பின் கண்டிராத ஓர் அறையில், முன்பின் கண்டிராத ஒருவர் மேசைமீது அட்டைகளையும் கட்டைகளையும் பரப்பி அவனைச் சோதிக்கிறார். அவனோ பாதிநேரம் மேசையின் அடியிலும், பாதிநேரம் சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறான். சில நாட்களில் ஒரு தாள் வருகிறது. ஆட்டிசம் என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் அதில் ஏறியிருக்கிறது: அறிவுசார் குறைபாடு. "டாக்டர், இவனுக்கு எல்லாம் தெரியும், கேட்டால்தான் சொல்ல மாட்டான்" என்கிறாள் தாய். அதற்கு மறுமொழியாக ஒரு புன்னகை கிடைக்கிறது.

இக்குடும்பம் நாம் கற்பித்துக்கொண்டதே. ஆனால் இக்கதையைத் தம் கதையாகவே வாசிப்போர் இந்தச் சிலாங்கூரில் பலர் இருப்பர்.

ஆட்டிசம் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். பிறரோடு கலந்து பழகுவதிலும், கருத்தை வெளியிடுவதிலும் ஒரு தனித்தன்மை. ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யும் நாட்டம். ஓசை, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல்: இவை ஆட்டிசத்தின் அடையாளங்கள். சிந்தித்தல், கற்றல், அன்றாட வாழ்வை நடத்துதல் ஆகியவற்றில் வயதுக்குரிய வளர்ச்சி பெரிதும் குன்றியிருத்தல் அறிவுசார் குறைபாடு. ஒரு பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம். தமிழ்நாட்டில் ஆட்டிசத்திற்கு மதியிறுக்கம் என்றொரு சொல் வழங்குகிறது. நல்லெண்ணத்துடன் ஆக்கிய சொல்லே அது. எனினும், பெயரிடும்போதே குற்றத்தை மதியின்மேல் ஏற்றிவிடுகிறதன்றோ? நாம் ஆராயப் புகுமுன்பே சொல் தீர்ப்புக் கூறிவிடுகிறது. அதனால் இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே எழுதுகின்றோம்.

இனி, அறிவை அளக்கும் கோல் எவ்வாறு பிறந்தது என்பதைப் பார்ப்போம். பாரிஸ் நகரில் ஆல்பிரெட் பினே என்பவரும் தியோடர் சிமோன் என்பவரும் 1905 ஆம் ஆண்டில் முதல் அறிவுச் சோதனையை வகுத்தனர். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிக்கவனத்துடன் கல்வி புகட்டுவதே அதன் நோக்கம். அறிவு என்பது ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் ஒரு தொகை என்று கூறியவர்களைப் பினே 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்பதே அவர் துணிபு. அவர் 1911 இல் மறைந்தார். அதே கோல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அதன் குணம் மாறிற்று. ஹென்றி கொடார்டு என்பவர் 1913 இல் நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், நெடும்பயணத்தால் களைத்து வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள் சிலரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சோதித்து, அவர்களுள் பெரும்பாலோர் அறிவு குன்றியோர் என்று எழுதி வைத்தார். கப்பலேறிக் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. அன்று அளக்கப்பட்டது அறிவா, களைப்பும் அச்சமும் அந்நிய மொழியுமா?

ஆட்டிசப் பிள்ளைகள் திறத்திலும் இதே வினா எழுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் வைத்தியர், 1943 ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மந்தர் என்று பிறரால் கருதப்பட்ட அக்குழந்தைகளிடத்தில் நல்ல அறிவாற்றல் உள்ளுறைந்திருப்பதாக அவர் நம்பினார். அவர் எல்லாருக்கும் பொதுவாக அங்ஙனம் நம்பியது சற்று மிகையே எனப் பின்னர் தெரியவந்தது. ஆயினும், வெளித்தோற்றம் கொண்டு உள்ளறிவை மதிப்பிடலாகாது என்ற எச்சரிக்கை அன்றே பிறந்துவிட்டது.

அவ்வெச்சரிக்கைக்கு வலுவூட்டிய ஆராய்ச்சி 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனடா நாட்டின் மொன்றியால் நகரைச் சேர்ந்த மிஷெல் டோசன், லோரான் மொத்ரோன் முதலியோர் அதனை நடத்தினர். டோசன் தாமே ஆட்டிசமுடையவர். அவர்கள் 38 ஆட்டிசக் குழந்தைகளுக்கு இருவகைச் சோதனைகளைக் கொடுத்தனர். ஒன்று, டேவிட் வெக்ஸ்லர் வகுத்ததும், 1949 முதல் குழந்தைகளுக்கென வழங்கிவருவதுமான சோதனை. அதில் வாய்மொழி வினாக்கள் பல உண்டு. மற்றொன்று, ரேவன் என்பவர் 1938 இல் வெளியிட்ட சித்திரச் சோதனை. ஒரு கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்பதைச் சுட்டிக் காட்டினாற் போதும். அதிகம் பேச வேண்டுவதில்லை. முதற் சோதனையின்படி அக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அறிவுசார் குறைபாட்டு எல்லைக்குள் விழுந்தனர். இரண்டாம் சோதனையிலோ நூற்றுக்கு ஐவரே அவ்வெல்லைக்குள் இருந்தனர். குழந்தைகள் மாறவில்லை, கோல் மாறிற்று, எண்ணும் மாறிற்று. இந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தீர்ப்புக் கூறிவிடுதல் கூடாது. ஆனால் ஒரே கோலை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்நாளை அளந்துவிடுதலும் கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து செல்வோர் வெள்ளைக்கோல் ஏந்திய பார்வையற்றோரைக் காணாதிருக்க முடியாது. 1951 இல் தோன்றிய மலாயாப் பார்வையற்றோர் சங்கத்தின் வழிவந்த நிலையம் அங்கேதான் இருக்கிறது. அவர்களுள் ஒருவரிடம் அச்சிட்ட வினாத்தாளை நீட்டி, அவர் விடையெழுதாமையால், "இவர் அறிவிலி" என்று எவரேனும் சொல்வாராயின், சொன்னவரையே நாம் அறிவிலி என்போம். புள்ளியெழுத்தில் கேள், காதில் கேள் என்று திருத்துவோம். பார்வையற்றவர்க்குச் செய்யும் இந்நியாயத்தை, பேச்சு எழாத பிள்ளைக்கும் செய்ய வேண்டாமா? கண்ணில் உள்ள குறை நம் கண்ணுக்குத் தெரிகிறது. கருத்தை வெளியிடும் வழியில் உள்ள தடையோ நமக்குத் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு, அதுதான் மொழி. வீட்டில் தமிழ், தெருவில் மலாய், சோதனை அறையில் ஆங்கிலமோ மலாயோ என்றால், ஆறு வயதுப் பிள்ளை எந்த மொழியில் தன் அறிவைக் காட்டும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தோட்ட வேலை செய்யும் மெக்சிகோ வழியினர் வாழும் பகுதியில், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு குன்றியோர் வகுப்பில் அடைத்தனர். பெற்றோர் வழக்காடினர். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் அவ்வெல்லையைத் தாண்டி மேலேறினர். இனிப் பிள்ளையின் தாய்மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்று 1970 இல் உடன்பாடு ஏற்பட்டது. டயானா வழக்கு என்று அதனைக் கூறுவர். கூலிவேலை செய்த அப்பெற்றோர் ஐயுற்றிராவிடில் அந்நீதி பிறந்திராது.

ஒரு சொல்லுக்காக இத்தனை வாதம் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அச்சொல்லின் கையில் பள்ளிக்கூடத்தின் சாவி இருந்தது என்பதே விடை. நம் நாட்டில் 1997 ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், கல்வி பெறத்தக்க பிள்ளைகளையே சிறப்புக் கல்வி வகுப்பில் ஏற்கலாம் என்றும், கடுமையான அறிவுக் குறை உடையோர்க்கு இடமில்லை என்றும் வகுத்திருந்தன. அவ்விதிகள் 2013 இல் மாற்றப்பட்டன. சிறப்புத் தேவையுள்ள எப்பிள்ளையையும் பள்ளி திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கை 2019 முதல் நடப்புக்கு வந்தது. இது பெரிய முன்னேற்றம். எனினும், வாயிலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்த பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதும் கேள்வி. எழுத்தும் கணக்கும் கற்பிப்பதா, மணி கோப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்பதை, பல இடங்களில், பிள்ளையைப் பற்றி எழுதப்பட்ட சொல்லே முடிவு செய்கிறது. சமூகநல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளர் அட்டையிலோ ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடு என்னும் ஒரே வகுப்பில் அடங்குகின்றன. உதவி பெறுவதற்கு அவ்வகுப்பு பயன்படும்; பிள்ளையை அறிவதற்குப் பயன்படாது. இந்தியாவில் நிலைமை இதனினும் விந்தையாக இருந்தது. அங்கு 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்னும் பெயரே இல்லை. மனவளர்ச்சி குன்றியோர் என்னும் பெயர் இருந்தது. ஆகவே, உதவி வேண்டிய பெற்றோர் பலர் தம் பிள்ளைக்குப் பொருந்தாத பெயரைக் கேட்டு வாங்க நேர்ந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டமே இரண்டையும் தனித்தனியே எண்ணி, 21 வகைக் குறைபாடுகளை வகுத்தது.

பெற்றோர் ஐயம் அறிஞரைத் திருத்திய வரலாறும் உண்டு. ஆட்டிசம் தாயின் அன்பின்மையால் வருவது என்று ஒருகாலத்தில் பெரும்புகழ் வாய்ந்தோர் எழுதினர். ஆட்டிசப் பிள்ளையின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்ட், 1964 இல் ஒரு நூல் எழுதி அக்கொள்கையைத் தகர்த்தார். இங்கிலாந்தில் 1962 இல் பெற்றோர் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். ஆட்டிசப் பெண்ணின் தாயும் மனநோய் வைத்தியருமாகிய லோர்னா விங் அவர்களுள் ஒருவர். நம் நாட்டின் தேசிய ஆட்டிசச் சங்கமாகிய நாசோம், 1986 இல் பெற்றோரும் துறையறிஞரும் சேர்ந்து தோற்றுவித்ததே.

இவ்வளவும் கூறியபின், பெற்றோர் ஐயுறுவதெல்லாம் சரியே என்று முடித்துவிடலாமா? முடியாது. பகுத்தறிவு இருபுறமும் வெட்டும் வாள். பிறர் கூற்றை ஆராய்கின்றவன் தன் ஆசையையும் ஆராய்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஒரு முறை பரவிற்று. பேசாத பிள்ளையின் கையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்வார். பிள்ளை எழுத்துப் பலகையைத் தட்டும். ஊமைப் பிள்ளைகள் கவிதையும் தத்துவமும் எழுதலாயினர். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர், பிள்ளைக்கு ஒரு படத்தையும் கை பிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் ஒருவர்க்கொருவர் தெரியாமல் காட்டினர். பலகையில் எழுந்த விடை, கை பிடித்தவர் கண்ட படத்தின் பெயராகவே இருந்தது. கை பிடித்தவர்கள் வஞ்சகர்கள் அல்லர். தம்மை அறியாமலே தம் எண்ணத்தை எழுதியவர்கள். அமெரிக்க மனோதத்துவச் சங்கம் 1994 இல் அம்முறையை ஏற்பதற்கில்லை என்று தீர்மானித்தது. அன்பு மிகுந்த இடத்தில் கண் மயங்கும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டா.

ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாக எழுதும் பிள்ளையை மீண்டும் நினைத்துக்கொள்வோம். அது நினைவாற்றலுக்குச் சான்று. அதனைக் கொண்டு அவனுக்கு எல்லாம் விளங்குகிறது என்று கூறுவதும், அவன் பெயர் சொல்லாமையைக் கொண்டு அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கூறுவதும் ஒரே வகைப் பிழை. கடையில் காசு கொடுத்து மீதி வாங்குவானா? பசித்தால் தெரிவிப்பானா? வாகனம் வருமிடத்தில் நிற்பானா? இவற்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013 இல் வெளியிட்ட நூலும், எண்ணை மட்டும் கொண்டு குறைபாட்டின் கடுமையைத் தீர்மானியாமல், அன்றாட வாழ்வின் திறத்தைக் கொண்டே தீர்மானிக்கச் சொல்கிறது. மேலும், ஆட்டிசப் பிள்ளைகள் பலருக்கு அறிவுசார் குறைபாடும் உண்மையாகவே உண்டு. அமெரிக்கச் சுகாதார இலாகா 2020 ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், அறிவு எண் தெரிந்த எட்டு வயது ஆட்டிசப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் 70 அல்லது அதற்குக் குறைந்த எண் பெற்றிருந்தனர். கோலின் கோணலைக் கழித்தாலும் மிச்சம் பூச்சியமாகாது.

இங்கேதான் நம் வினாவின் உயிர்நாடியை அடைகின்றோம். "என் பிள்ளைக்கு ஆட்டிசந்தான், அந்த மாதிரிப் பிள்ளை அல்ல" என்று ஒரு தகப்பனார் கூறுகிறார். அந்த மாதிரிப் பிள்ளை என்றால் எந்த மாதிரி? அவர் குரலில் ஒலிப்பது நியாயமா, நாணமா? சாதிக் கொடுமையை நாம் நன்கு அறிவோம். மேற்படியில் நிற்பவன் தன்னை மிதிக்கிறான் என்று கதறுகின்றவனே, தனக்குக் கீழும் ஒருவன் உண்டு என்பதில் ஆறுதல் காண்பான். படிக்கட்டு நிலைத்து நிற்பது அந்த ஆறுதலால்தான். 1929 ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து, பிறப்பால் எவனும் தாழ்ந்தவனல்லன் என்று முழங்கினார். தோட்டத்து லயங்களில் அதனைக் கேட்டோரின் பேரப்பிள்ளைகள், இன்று அறிவு எண்ணைக் கொண்டு ஒரு புதிய வருணாசிரமத்தைக் கட்டுவார்களாயின், அது பழைய நோய் புதுச்சட்டை அணிந்து வருவதாகும். முன்பு தலையெழுத்து என்றனர்; பூர்வஜன்மப் பாபம் என்றனர்; மந்திரித்துக் கயிறு கட்டினர். அவற்றை விட்டொழித்து வந்த நாம், எண்ணைத் தலையெழுத்தாகக் கொள்வதும் தவறு; அவ்வெண் குறைந்த பிள்ளையைக் கண்டு முகஞ்சுளிப்பதும் தவறு.

ஆகையால், ஐயத்தில் இருவகை உண்டு என்போம். ஒன்று, பிள்ளையின் பொருட்டு எழும் ஐயம்: இவனை இன்னும் சரியாக அறிய வேண்டும், இவனுக்கேற்ற கல்வி தர வேண்டும் என்பது. மற்றொன்று, குடும்ப மானத்தின் பொருட்டு எழும் ஐயம்: ஊரார் என்ன சொல்வார்களோ என்பது. முதலாவது பெற்றோரின் கடமை. இரண்டாவது பெற்றோரின் பலவீனம். எது எது என்று பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. "மறுபடி சோதித்து, அதே முடிவு வந்தால் என் செய்வேன்?" என்று தம்மையே கேட்டுக்கொள்க. "அவனுக்குக் கற்பிப்பதை ஒருநாளும் நிறுத்தேன், கற்பிக்கும் வழியை மாற்றுவேன்" என்று உள்ளம் விடையளிக்குமாயின், அவ்வையம் தூய்மையானது, அதனைக் கொண்டு எந்த வைத்தியர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

அங்ஙனம் நிற்போர் கேட்கத்தக்க கேள்விகள் சில உள. பிள்ளையின் செவிப்புலனை முன்னரே சோதித்தீர்களா? எந்தச் சோதனை கொடுத்தீர்கள்; அதில் பேச்சுக்கு எவ்வளவு பங்கு? எம்மொழியில் கேட்டீர்கள்? அவன் முழுநேரமும் அமர்ந்து செய்தானா, செய்ய மறுத்த பகுதிக்குச் சுழி போட்டீர்களா? பேச்சு வேண்டாத சோதனை ஒன்றையும் கொடுத்துப் பார்த்தீர்களா? வீட்டிலும் பள்ளியிலும் அவன் செய்வன யாவை என்று எம்மையும் உபாத்தியாயரையும் கேட்டீர்களா? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், உறுதியான தீர்ப்புக்கு இது காலந்தானா? மீண்டும் எப்போது சோதிப்பீர்கள்? இவற்றைப் பணிவோடு கேட்கலாம். எழுதி வைத்துக்கொண்டு கேட்கலாம். நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார். அவரிடம் நேரம் குறைவு, வெளியே வரிசை நீளம் என்பதும் உண்மையே. அதற்காகவே பெற்றோர் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். மொழி தெரியாத பெற்றோருடன் சென்று பேசித் தருவதை, நம் சங்கங்களும் படித்த இளைஞர்களும் ஒரு தொண்டாக மேற்கொள்ளலாம். மேடைப் பிரசங்கம் பத்தினும் அது சிறந்த தொண்டு.

கிள்ளான் பிள்ளை இரண்டாம் முறை சோதிக்கப்படட்டும். இம்முறை அவனுக்குத் தெரிந்த தமிழில், அவன் விரும்பும் சுண்ணக்கட்டியும் பலகையும் கையில் இருக்க. எண் உயரலாம், உயராமலும் போகலாம். எதுவாயினும் திங்கட்கிழமை காலையில் அவன் புத்தகப்பையுடன் பள்ளி செல்ல வேண்டும்; அங்கே அவனுக்கு ஏதேனும் ஒன்று புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டும்; அவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும், அவனினும் குறைந்த எண் பெற்ற பிள்ளைக்கும் அவ்வாறே கற்பிக்கப்பட வேண்டும்.

காக்கை தன் குஞ்சைப் பொன் என்று எண்ணுவதில் குற்றமில்லை. அடுத்த கூட்டின் குஞ்சைப் பித்தளை என்று எண்ணுவதே குற்றம்.